வாக்கும் வாக்குமூலமும்

தேர்தலில் நாம் அளிப்பதற்குப் பேச்சு வழக்கில் ஓட்டு என்றும், எழுத்து வழக்கில் வாக்கு என்றும் பெயர். வாக்கு என்பது சொல். ஒருவர் வாக்குக் கொடுத்தார் என்றால் உறுதிமொழி தந்தார் என்பது பொருள். வாக்குத் தவறினார் என்றால் அவ்வுறுதியைக் கைவிட்டார் என்பது பொருள். நீதிமன்றத்தில் சாட்சி தம் வாயால் கூறுவது வாக்குமூலம். அரபு மொழியிலும் ஏறத்தாழ இதே நிலைதான். தேர்தல் வாக்கை அரபியர் 'ஸவ்த்' என்பர்; ஸவ்த் என்றால் குரல். ஆங்கிலத்தில் வழங்கும் வோட் என்னும் சொல்லோ, நேர்ச்சை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது என்பர் மொழிநூலார். மூன்று மொழிகளிலும் இச்செயலுக்கு வாய்த்த பெயர் வாயோடும் நெஞ்சோடும் உறவுடையதாக இருக்கிறது. மை வைக்கப்படுவது மட்டுமே விரலுக்கு.

இச்சொல்லாராய்ச்சி எதற்கு என்று வாசகர் கேட்கலாம். இளைஞர்களை வாக்களிக்கத் தூண்டும்போது நாம் சொல்லுகிற காரணங்கள் பெரும்பாலும் அவர்கள் உள்ளத்தில் ஒட்டுவதில்லை. 'ஜனநாயகக் கடமை' என்கிறோம். அது ஏன் கடமை, யாருக்குக் கடமை, ஒருவர் செய்யாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், விடை சொல்ல வழியின்றிக் குரலை உயர்த்துகிறோம். விடை நமது சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது என்பது என் எண்ணம்.

ஒருமுறை ஃபிக்ஹு பாடம் முடிந்த வேளையில் மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத், ஓட்டுப் போடுவதும் பர்ளு கிபாயாதானே? ஊரில் பாதிப் பேர் போட்டுவிட்டால் மீதிப் பேர் மீது குற்றம் இல்லையே?" என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி விழவேண்டிய இடத்தில் விழுந்திருந்தது.

கடமைகளை இரு வகையாகப் பிரித்துக் காண்பது நம் சட்ட நூல்களின் மரபு. ஒவ்வொருவரும் தாமே நிறைவேற்ற வேண்டியது பர்ளு ஐன். ஊரில் போதுமான சிலர் நிறைவேற்றினால் ஏனையோருக்கு நீங்கிவிடுவது பர்ளு கிபாயா. ஜனாஸாத் தொழுகையைப் பிந்தியதற்கு எடுத்துக்காட்டாகச் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். வாக்களிக்கச் செல்லாத இளைஞர், தாம் அறியாமலேயே, இந்தப் பிந்திய வகைக் கணக்கைத்தான் போடுகிறார். 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் இந்தியாவின் வாக்காளர் தொகை ஏறத்தாழ 97 கோடி. வாக்களித்தோர் ஏறத்தாழ 66 விழுக்காடு. அதே தேர்தலில் தமிழகத்தின் தர்மபுரித் தொகுதியில் 81 விழுக்காட்டினர் வாக்களிக்க, மத்திய சென்னையில் 54 விழுக்காட்டை ஒட்டியே நின்றது. கல்லூரிகளும் நூலகங்களும் கணினி நிறுவனங்களும் மிகுந்த தலைநகரின் நடுப்பகுதியில், ஏறத்தாழ பாதிப் பேர் 'மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்றிருந்துவிட்டார்கள். தேர்தலும் நடந்தது, உறுப்பினரும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜனாஸா அடக்கப்பட்டுவிட்டது, இனி நம் மீது என்ன குற்றம் என்று அவர்கள் கேட்டால் மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவருக்கு மறுப்பில்லை.

இதனையே மேலை நாட்டு அறிஞர்கள் கணக்கு வடிவில் சொல்லியிருக்கின்றனர். அந்தோணி டௌன்ஸ் என்னும் அமெரிக்கப் பொருளியலார் 1957இல் வெளியிட்ட நூலொன்றில், வாக்களிக்கச் செல்லும் செலவையும் அதனால் விளையும் பயனையும் நிறுத்துப் பார்த்தார். இலட்சக்கணக்கானவர்களுள் ஒருவரது வாக்கு முடிவை மாற்றும் வாய்ப்பு மிகமிக அற்பம்; வெயிலில் வரிசையில் நிற்கும் துன்பமோ உறுதியானது. எனவே தன்னலத்தை மட்டும் எண்ணுபவன் வீட்டில் இருப்பதே கணக்குக்குப் பொருந்தும் என்றாகிறது. இதை மறுக்க மேடைப் பேச்சாளர்கள் சில நிகழ்ச்சிகளை எடுத்துவைப்பது வழக்கம். 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளித் தொகுதியில் ஏ. ஆர். கிருஷ்ணமூர்த்தி ஒரே வாக்கில் தோற்றார். 2008இல் இராஜஸ்தானின் நாத்வாராவில் சி. பி. ஜோஷி பெற்றவை 62,215. எதிர்த்து நின்றவர் பெற்றவை 62,216. நாடாளுமன்றத்திலும் 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அமைச்சரவை 269க்கு 270 என்று ஒரே வாக்கில் வீழ்ந்தது.

இவை யாவும் உண்மை. ஆயினும் இவற்றை நம்பி இளைஞரை அழைப்பது எனக்கு உடன்பாடில்லை. பரிசுச் சீட்டு விற்பவனும் பரிசு விழுந்த ஒருவனைத்தான் காட்டுகிறான். ஒரு வாக்கில் முடிவு மாறும் தேர்தலில் மட்டுமே கடமை உண்டு என்றால், பல்லாயிரம் வாக்கு வேறுபாட்டில் முடியும் தேர்தல்களில் கடமையே இல்லை என்று ஒப்புக்கொண்டவர்களாவோம். டௌன்ஸின் கணக்கில் பிழை தேடுவதைவிட, வாக்கு என்பது அந்தத் தராசில் வைக்கத்தக்க பொருள்தானா என்று கேட்பதே முறை.

வாக்கு ஒரு சாட்சியம். அரசியல் சாசனம் நம்மை அழைத்து, "இப்பகுதியின் பொதுக் காரியங்களை ஒப்படைக்க இவர்களுள் தகுதியானவர் யார்? நீ அறிந்ததைச் சொல்" என்று கேட்கிறது. வாக்களிப்பதில் சாட்சியம், பரிந்துரை, வக்காலத் என்னும் மூன்று தன்மைகள் சேர்ந்திருப்பதாகத் தேவ்பந்தில் பயின்று பின்னர் பாகிஸ்தானில் வாழ்ந்த முப்தி முஹம்மது ஷபீ எழுதியிருப்பதை ஆலிம்கள் அறிவர். இவற்றுள் முதலாவதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் பத்வா எதுவும் வழங்கவில்லை. சாட்சியத்தைப் பற்றி நம் முன்னோர் நுணுகிச் சிந்தித்ததைக் கொண்டு நம் காலத்துக் கேள்வி ஒன்றை அளந்து பார்க்கிறேன், அவ்வளவே.

சாட்சியம் கூறுவதும் பொதுவாகப் பர்ளு கிபாயாவே. நிகழ்ச்சியைக் கண்டவர் பலர் இருந்து, அவர்களுள் தேவையானவர்கள் சொல்லிவிட்டால் ஏனையோர் விடுபடுவர். ஆனால் ஒரு வழக்கில் அறிந்தவர் இருவர் மட்டுமே எனில், அவ்விருவர் மீதும் அது விதியாகிறது. இமாம் நவவியின் 'மின்ஹாஜ்' நூலை ஓதியவர்களுக்கு அங்கே வரும் ஒரு நுட்பம் நினைவிருக்கலாம். இருவருள் ஒருவர் சாட்சி கூறிவிட, மற்றவர் தாம் கூறாமல், வழக்காளியைப் பார்த்து, 'அந்த ஒருவருடைய சாட்சியத்தோடு நீ சத்தியம் செய்துகொள். அது போதும்' என்று ஒதுங்கினால் அவர் பாவியாகிறார். இத்தனைக்கும் சில வழக்குகளில் ஒரு சாட்சியும் வழக்காளியின் சத்தியமும் சேர்ந்தாலே தீர்ப்புக்குப் போதும். வழக்கு வென்றாலும்கூட ஒதுங்கியவரின் குற்றம் நீங்குவதில்லை. 'நான் இல்லாமலேயே காரியம் நடந்துவிடும்' என்னும் விடையை அந்தச் சட்ட மேதை ஏற்கவில்லை. அறிந்ததைச் சொல்ல வேண்டியது அறிந்தவன் தலையில் விழுந்த கடன். முடிவு எப்படியும் வரும் என்பதால் அக்கடன் தீர்வதில்லை.

அப்படியானால் பதினெட்டு வயதினர் ஒருவர் மட்டுமே அறிந்ததும், அவரைத் தவிர வேறொருவர் சொல்ல இயலாததும் ஏதேனும் உண்டா? உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. கடற்கரைச் சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்துகள் மாறி நகரக் கல்லூரிக்குச் சென்று திரும்பும் பெண்பிள்ளை, மாலைப் பேருந்து வராத நாளில் நிறுத்தத்தில் நின்ற நேரத்தை அறிவாள். அந்த நேரத்தின் நீளம் அவளுடைய தந்தைக்குத் தெரியாது. தொகுதி உறுப்பினருக்கும் தெரியாது. அரசுப் பணித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்து, வயது வரம்பை விரலில் எண்ணிக்கொண்டிருக்கும் இளைஞனுடைய ஆண்டுகள் அவன் மட்டுமே அறிந்தவை. பட்டம் பெற்ற பின்னும் வளைகுடா நாட்டு விசாவுக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தவன், உள்ளூரில் வேலை உண்டு என்று மேடையில் முழங்குவதன் மெய்யும் பொய்யும் அறிந்தவன். ஆசிரியர் இல்லாத அறிவியல் வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்திருந்தவனை விட்டு, அந்த வகுப்பைப் பற்றி வேறு யாரைக் கேட்பது? ஐம்பது வயதைக் கடந்த என்னைப் போன்றவர்கள் வாக்களித்துவிட்டால் அந்த வயதினரின் சாட்சியமும் பதிவாகிவிட்டது என்று கொள்ள முடியாது. நான் கண்டது வேறு. அவர்கள் கண்டது வேறு. கிபாயாவாகத் தொடங்கிய கடமை, தாம் மட்டுமே அறிந்த ஒன்றைத் தாங்கி நிற்பவரிடம் ஐனாக மாறிவிடுகிறது. அன்று அந்த மாணவருக்கு நான் சொன்ன விடை இவ்வளவே. அவர் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டார் என்பதும், பாடவேளை முடிந்தும் யாரும் எழவில்லை என்பதும் வேறு செய்தி.

இங்கே ஒரு தடை எழுப்பலாம். சாட்சியம் என்பது பலர் முன்னிலையில் வெளிப்படையாகக் கூறப்படுவது. வாக்கோ மறைவில் அளிக்கப்படுவது. யார் சொன்னது என்றே தெரியாத சொல் எப்படிச் சாட்சியமாகும்? நல்ல தடைதான். ஊரின் பெரும்புள்ளிக்கு எதிராகக் கூலியாள் ஒருவர் வெளிப்படையாகச் சாட்சி சொன்னால் மறுநாள் அவருக்கு வேலை இராது. எளியவரின் உண்மை வெளிவர வேண்டும் என்பதற்காகவே அட்டை மறைப்பு வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மறைப்பு சாட்சியை உலகத்தாரிடமிருந்து காக்கிறது. அவருடைய மனச்சான்றிடமிருந்து காப்பதில்லை. பொய்ச் சாட்சி சொன்னால் குறுக்கு விசாரணை செய்ய அங்கே வழக்கறிஞர் இல்லை. ஆதலால் அமானத்தின் சுமை அங்கே கூடுகிறது.

சாட்சியம் என்று கொண்டால் அதற்குரிய நிபந்தனைகளையும் கொள்ள வேண்டும். சாட்சி கூலி வாங்கலாகாது என்பது எல்லா நாட்டு நீதிமுறைக்கும் பொது. வாக்குக்குப் பணம் கொடுப்பது மட்டுமின்றி வாங்குவதும் இந்தியச் சட்டப்படி குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த அவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. இந்தத் துறையில் நம் தமிழகம் பெற்ற பெயர் பெருமைக்குரியதன்று. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தேர்தல்களும், 2017இல் இராதாகிருஷ்ணன் நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பண வினியோகத்தின் காரணமாக நிறுத்தப்பட்டுப் பின்னர் மீண்டும் நடத்தப்பட்டன. 'அவர்கள் நம்மிடம் கொள்ளையடித்த பணம்தானே, வாங்கிக்கொண்டு நம் விருப்பப்படி போட்டால் போகிறது' என்று சிலர் சாதுரியம் பேசுவர். கட்சிக்காரர் தரும் பணத்தைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று ஒரு சாட்சி பெருமை பேசினால், அடுத்த வழக்கில் அவரை யார் கூண்டில் ஏற்றுவார்? வீட்டுப் பெரியவர் உறையைப் பிரித்து எண்ணுவதை வாசற்படியில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு, அந்த வீட்டில் பின்னர் எந்த நீதிபோதனையும் ஏறப்போவதில்லை.

இன்னொரு நிபந்தனை, சாட்சியம் தன் சொந்த அறிவிலிருந்து வரவேண்டும். பிறர் வாயைக் கடன் வாங்கிச் சாட்சி சொல்வதில்லை. இதைச் சொல்லும்போது நம் இல்லங்களையும் மஹல்லாக்களையும் விட்டுவிட முடியாது. ஜமாஅத் கூடிப் பேசுவதும் மூத்தோர் கருத்துரைப்பதும் நன்றே. மஷூராவை மறுப்பார் யார்? ஆயினும், 'இம்முறை நம் ஊர் முழுவதும் இன்ன சின்னத்துக்கே' என்று முடிவு கட்டி இளையவர்களிடம் விடையை மட்டும் கையில் கொடுத்தனுப்பும்போது, ஆயிரம் சாட்சிகளை ஒரே சாட்சியாகச் சுருக்கிவிடுகிறோம். கணவர் சொன்ன சின்னத்தை மனைவி அழுத்துவதும், நடிகர் படத்தைப் பார்த்து மகன் அழுத்துவதும் இதே இனத்தைச் சேர்ந்தவை. 1951-52இல் நடந்த முதற் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லாமல் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்றே பதிவு செய்திருந்தனர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதனை ஒப்பவில்லை. சொந்தப் பெயர் தராதோர் நீக்கப்பட்டதில் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் அத்தேர்தலில் வாக்கிழந்தனர். கடுமையான முடிவுதான், அவர் மீது குறை கூறியவர்களும் உண்டு. ஆனால் பெயரற்ற சாட்சியைக் கூண்டில் ஏற்ற முடியாது என்பதை அவர் விளங்கியிருந்தார். அடுத்த தேர்தலுக்குள் அப்பெண்களுள் பெரும்பாலோர் தம் பெயர்களோடு பட்டியலில் ஏறினர்.

தமிழர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே வாக்களித்தனர் என்று உத்திரமேரூரைக் காட்டி மேடைகளில் பெருமிதம் கொள்கிறோம். முதற் பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அரபு நூல்களில் இதற்குக் குர்ஆ என்று பெயர். உரிமை சமமாக உள்ள இடத்தில் பிணக்கைத் தீர்க்கக் கையாள்வது. அதில் தேர்வு செய்தது சிறுவனின் கை. ஊராரின் சொல் அங்கே கேட்கப்படவில்லை. நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களின் பெயர்களே குடத்தில் இருந்தன. ஆனால் அக்கல்வெட்டில் நாம் கற்கத்தக்கதும் ஒன்றுண்டு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் அது விலக்கிவைத்தது. பொறுப்புக்கு வருவோரைத் துருவிப் பார்க்க வேண்டும் என்னும் அறிவு இம்மண்ணுக்குப் பழையது. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே இதற்கு இருக்கிறது.

துருவிப் பார்ப்பது என்றதும் மற்றொரு எதிர்வாதம் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க மெய்யியலார் ஜேசன் பிரென்னன் என்பவர், ஆராயாமல் வாக்களிப்பதைவிட வாக்களிக்காதிருப்பதே பிறருக்கு நன்மை என்று 2011இல் வெளியான தம் நூலில் வாதிட்டிருக்கிறார். 'எனக்கு அரசியல் தெரியாது, அதனால் போகவில்லை' என்னும் நம் பிள்ளைகளுக்கு இது உவப்பான துணை. அறியாமல் சாட்சி கூறுவது தவறு என்பதில் அவரோடு எனக்குப் பிணக்கில்லை. அறியாமை நோயா, முடமா என்பதில்தான் வேறுபாடு. தீர்க்கக்கூடிய அறியாமையைச் சாக்காக்குவதை எந்த ஆசிரியரும் ஒப்பமாட்டார். 2002, 2003ஆம் ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளின் பயனாக, ஒவ்வொரு வேட்பாளரும் தம் மீதுள்ள குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவித்தாக வேண்டும். அதனைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் படிக்கலாம். ஹதீஸ் கலை பயில்பவர் ஒரு செய்தியை ஏற்குமுன் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் வாய்மையையும் நினைவாற்றலையும் நடத்தையையும் துருவுகிறார். ஜர்ஹு, தஃதீல் என்று குறை நிறைகளை எடையிட ஒரு கலையையே வளர்த்த மரபின் பிள்ளைகள், ஐந்தாண்டுகளுக்குத் தம்மை ஆளப்போகும் ஒருவரது பத்துப் பக்கப் பத்திரத்தைப் புரட்டச் சோம்புவதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. கைப்பேசியில் அவர்கள் அன்றாடம் படித்துத் தள்ளுவது அதைப்போல் பல மடங்கு.

படித்த பின்னும் ஒருவரும் தேறவில்லை என்றால்? 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் 'மேற்கண்ட எவருமில்லை' என்னும் நோட்டா பொத்தான் வந்தது. நோட்டாவுக்கு அதிக வாக்கு விழுந்தாலும் வேட்பாளருள் முந்தியவரே வெற்றி பெறுவார். ஆகவே அது வீண் என்பர் சிலர். 'இவர்களுள் எவருடைய தகுதிக்கும் நான் சாட்சியல்லன்' என்று கூண்டில் ஏறி நின்று சொல்வதும், கூண்டுக்கே வராமல் வீட்டில் உறங்குவதும் ஒன்றாகிவிடுமா? முந்தியது எண்ணப்படுகிறது. எனினும் அதை அடிக்கடி நாடும் பழக்கம் நன்றென்று சொல்லமாட்டேன். நிறைவானவரைத் தேடினால் வேட்பாளர் பட்டியலில் மட்டுமல்ல, மணப்பேச்சிலும் கிடைக்கமாட்டார்.

வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தது 1988இல் நிறைவேறிய அரசியல் சாசனத்தின் 61ஆவது திருத்தம். 1989 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வயதில் பக்குவம் உண்டா என்று அன்று ஐயுற்றவர் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். நம் சட்ட நூல்கள் பருவமடைதலையும் பக்குவத்தையும் வேறாகவே பார்க்கின்றன. முந்தியது புலூகு, பிந்தியது ருஷ்து. அநாதைப் பிள்ளையின் சொத்தை அவனிடம் ஒப்படைக்குமுன், சிறு கொடுக்கல் வாங்கல்களில் விட்டுப் பார்த்து அவனுடைய ருஷ்தைச் சோதிக்கச் சொல்கிறார்கள். ஆட்டுக்குட்டி ஒன்றையேனும் கையில் கொடுக்காமல் வியாபாரத் திறனைச் சோதிக்க வழியில்லை. பிள்ளைகளுக்கு எல்லா முடிவுகளையும் நாமே எடுத்துவிட்டு, அவர்களுக்குப் பொறுப்பில்லை என்று நாமே குறையும் கூறுவது நம் தலைமுறையின் வேடிக்கை.

இனி நடைமுறை. பட்டியலில் பெயர் இல்லாதவருக்குச் சாட்சிக் கூண்டே இல்லை. வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்தும் பட்டியலில் பெயர் விடுபட்டிருந்தால் வாக்களிக்க முடியாது என்பதை வாக்குச்சாவடி வாசலில் போய் அறிந்துகொள்பவர் ஒவ்வொரு தேர்தலிலும் இருக்கின்றனர். முன்னர் ஜனவரி 1 அன்று 18 நிறைந்தவர்களை மட்டுமே அவ்வாண்டுப் பட்டியலில் சேர்த்தனர்; ஜனவரி 2இல் பிறந்தவர் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. 2021இல் சட்டம் திருத்தப்பட்ட பின், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்கள் நான்கும் தகுதி நாள்களாயின. 17 நிரம்பியவர் முன்கூட்டியே படிவம் 6ஐ நிரப்பிக் கொடுத்துவைக்கலாம். மதரஸாக்களிலும் கல்லூரி விடுதிகளிலும் பயிலும் வெளியூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் விடுபட்டுப் போவது, பெயரைச் சொந்த ஊரில் பதிவதா, தங்கியிருக்கும் ஊரில் பதிவதா என்னும் குழப்பத்தால். அதைத் தீர்த்துக்கொடுக்க ஆசிரியர் ஒருவர் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஊர்தோறும் நிர்வாகிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திராமல், ஆண்டில் ஏதேனும் ஒரு மாலை, ஊரில் 17ஐயும் 18ஐயும் தொட்ட ஆண் பெண் பிள்ளைகள் அனைவரையும் வாக்காளர் பட்டியலோடு உட்கார வையுங்கள். பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், கதவு எண் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தாமே சரிபார்க்கட்டும். பிழை இருப்பின் படிவத்தைத் தம் கைப்பட எழுதட்டும். கட்சிப் பேச்சும் சின்னப் பேச்சும் அன்றைய மாலைக்கு வேண்டாம். தேநீர் மட்டும் கொடுத்தனுப்புங்கள்.